செல்லம் அத்தைக்குத் தடவிய எண்ணெய்

சேசு மரி சூசை

கூலாய்,
14-8-1936

அன்பு மகள் வினிஃப்ரெட்டுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் அப்பாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் மதராஸில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டிலும் செல்லம் அத்தைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய், அதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான் இத்தனை நாள் பேனாவைத் தொடவில்லை.

ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. மார்பில் மிச்சம் மீதி புற்று இருந்தால் கருகட்டும் என்று சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வெளிச்சம் வைக்கத் தொடங்கினார்கள், மொத்தம் இருபது தடவை என்றார்கள். நான்தான் ரயிலில் அழைத்துப் போய் வந்தேன். ஐந்தாம் தடவைக்கே தோல் அடுப்பனல் பட்டது போல் சிவந்தது. அது வரக்கூடியதுதான், இந்த மாவுத்தூளை மட்டும் மெல்லப் போடுங்கள், எண்ணெய் கூடாது, தேய்க்கக் கூடாது, துணி இறுக்கக் கூடாது என்றார் டாக்டர். அந்த வாரம்தான் நீ அனுப்பிய மாதா கோயில் எண்ணெய் வந்தது. அத்தை அந்தப் புட்டியைக் கையைவிட்டு இறக்கவில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அடி படிச்சவளே, ஒங்க டாக்டரு குடுத்தது கஞ்சிக்குப் போடுற மாவு, எம் மருமக அனுப்புனது மாதா எண்ணெய், எது பெருசுன்னு நீயே சொல்லு என்று சிரித்தார். உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவர், தடுக்க எனக்கு மனம் வரவில்லை. காலையும் மாலையும் நானே தேய்த்து, மேலே பிளானல் துணியும் இறுக்கிக் கட்டினேன்.

பதினோராம் தடவை வெளிச்சம் வைத்து முடித்தபோது அக்குள் பக்கம் தோல் உரிந்து நீர் கசிந்தது. தூளைத் தவிர வேறு ஏதாவது தடவினீர்களா என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். நான் காலேஜில் படித்தவள் என்று என்னிடம் இங்கிலீஷில் மரியாதையாகப் பேசுகிறவர், அவரிடம் போய்க் கோயில் எண்ணெய் என்று சொல்ல வெட்கமாகிவிட்டது வினி. ஒன்றுமில்லை, தூள் மட்டும்தான் என்றேன். அப்படியானால் இந்த அம்மாள் உடம்பு வெளிச்சத்தைத் தாங்காது, இதோடு நிறுத்துவோம் என்று எழுதிவிட்டார். ரயிலில் அத்தை, பாத்தியா, மாதாவே போதும்னுட்டாங்க என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லி, பத்து நாளாகத் தூள் மட்டும் போடுகிறேன். தோல் காய்ந்து வருகிறது. ஆக, தாங்காதது அத்தையின் உடம்பு இல்லை. நாளை மாதா பண்டிகை என்று இன்று பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியார் மன்னித்தார், விட்டுப்போன ஒன்பது தடவையை அவரால் தர முடியுமா? அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால் தேவலை, ஸ்டேஷனுக்குப் போய்த் திங்கட்கிழமைக்கு டிக்கெட் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வாயால் எண்ணெய் தேய்த்தேன் என்று டாக்டரிடம் சொல்லப் போகிறேன். மறுபடி வெளிச்சம் வைப்பாரோ, காலம் கடந்துவிட்டது என்பாரோ, தெரியவில்லை.

நீ அனுப்பியது அன்பால் அனுப்பியது, அதற்காக அழாதே. பிழை என் கையிலும் நாக்கிலும்தான். மழையில் நனையாதே, ஜெபமாலையை விடாதே. ஆண்டவர் உன்னைத் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக.

ஒன்று மறவாதே. இன்னொரு புட்டி கேட்டு எழுதச் சொல்லி அத்தை தினமும் நச்சரிக்கிறார். அனுப்பு, ஆனால் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் போதும் அத்தை என்று உன் கையால் ஒரு வரி எழுதிக் கூட வை. நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார்.

உன் அம்மா,
பேட்ரிசியா