திங்கட்கிழமை வருகிறேன் என்றவளுக்கு

இன்று காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போனில் உன் பெயர் வந்து நின்றது. கூடவே உன் போட்டோ. தலையில் தொப்பி, ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியில் ஊன்றிய முழங்கை, யாரையோ பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு. கையிலிருந்த சீப்பு கீழே விழுந்துவிட்டது. ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தோம். இப்போது தை பிறந்துவிட்டது. அடிப்பாவி, போனவள் எப்படி வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாய்?

நீ மீன் விற்கிற வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்திருக்கிறது. திறந்து கேட்க தைரியம் வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உனக்கு இதை எழுதுகிறேன். ஓட்டலுக்கு லேட்டாகப் போனால் மேனேஜர் கத்துவார். கத்தட்டும்.

வைத்திக்குப்பத்தில் நம் தெருவிலிருந்து காலேஜுக்குப் போன பெண்கள் நாம் இருவர்தான். படித்து முடித்ததும் நான் ஒயிட் டவுன் ஓட்டலில் ரிசப்ஷனுக்குப் போனேன், நீ ஜவுளிக்கடையில் பில் போடப் போனாய். நாள் முழுக்க உட்காராமல் நிற்க வேண்டிய வேலை. வீங்கிய காலைக் கடல் தண்ணீரில் வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சொன்னாயே, "நின்னுதான் ஆவணும்னா எனக்காக நிக்கிறேன்டி. நாளையிலேர்ந்து கடைக்குப் போவல. மீனு விக்கப் போறேன்."

நான் சிரித்துவிட்டேன். உன் அம்மா சிரிக்கவில்லை. வருடக்கணக்காக மீன் கூடை சுமந்து உச்சந்தலையில் முடி கொட்டிப்போன மனுஷி. உன்னைப் படிக்க வைத்ததே அந்தக் கூடை உன் தலைக்கு வரக்கூடாது என்றுதான். தெருவே கேட்கும்படி கத்தினாள்: "எந்தலையில இருந்தத உந்தலையில வக்கவாடி பி.காம் படிக்க வச்சேன்?"

நீ கொஞ்சமும் அசரவில்லை. "தலையில எங்க வக்கிறேன்மா? வண்டியிலதான வக்கிறேன்!"

அந்த வாய்க்கு உன்னை அறையலாம் போலிருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

விடியும் முன்பே கரையில் நின்று ஏலத்தில் மீன் எடுத்தாய். இன்றைக்கு என்ன மீன், எது நல்லது என்று குரூப்பில் பேசி அனுப்புவாய். கேட்டவர்கள் வீட்டுக்கு அறுத்து, அலசி, பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பாய். போட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள் "டிகிரி மீனு போவுதுடோய்" என்று கத்துவார்கள். "ஆமாண்டா, உனக்குன்னா வெல ஜாஸ்தி" என்று திரும்பிக் கூடப் பார்க்காமல் வண்டியை முறுக்குவாய்.

அப்புறம் அந்த மத்தி விஷயம். கரையில் ஒருத்தி மீனை இன்னொருத்தி பழசு என்று சொல்லமாட்டாள். முடியைப் பிடித்துச் சண்டை போடுகிறவர்கள்கூடச் சொல்லமாட்டார்கள். கூடைக்காரிகள் ஒருவருக்கொருவர் கொடுக்கிற மரியாதை அது. நீயோ அன்றைக்குக் குரூப்பில், "சங்கரா நல்லாருக்கு, நெத்திலி நல்லாருக்கு. மத்தி மட்டும் யாரும் வாங்காதீங்க, கரையில இருக்கறது நேத்து மீனு" என்று பேசி அனுப்பிவிட்டாய். அது போன் போனாகப் பரவி மார்க்கெட் வரைக்கும் போய்விட்டது. அன்றைக்குக் கரையில் மத்தி வைத்திருந்தது ஒரே ஒருத்திதான். உன் அம்மா.

விற்காத கூடையோடு அவள் திரும்பி வந்ததை நானும் வாசலில் நின்று பார்த்தேன். திட்டுவாள், அடிப்பாள் என்று பயந்தோம். அவளோ உட்கார்ந்து மீனுக்கு உப்புப் போட்டுக் காயவைத்தாள். அதற்கப்புறம் உனக்குச் சோறு போட்டாள், தலை வாரிவிட்டாள், மீனைப் பற்றி மட்டும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே கரையில் ஆளுக்கொரு பக்கம் நின்று ஏலம் எடுத்தீர்கள். "ஏன்டி, பெத்தவ கூடைன்னு தெரிஞ்சுமா சொன்ன?" என்று கேட்டேன். "தெரியும்டி. ஆனா என் பேச்ச நம்பித்தான அவங்க வாங்குறாங்க? அம்மா மீனுன்னா மட்டும் மாத்திச் சொல்ல முடியுமா?" என்றாய். பிறகு மெதுவாகச் சொன்னாய், "ஒரே ஒரு தரம், 'நீ பண்றது சரிதாண்டி'ன்னு அம்மா சொல்லட்டும். எனக்கு அது போதும்."

ஸ்கூட்டருக்கு வாங்கிய கடன் முடிந்தது. எங்கள் ஓட்டல் சமையற்கட்டுக்கும் உன் மீன் வந்தது. ஒயிட் டவுனில் வயசான பிரெஞ்சுக்கார மதாம் ஒருவர் நீ வந்தால்தான் கதவைத் திறந்தார். எல்லாம் கிடைத்தது, அந்த ஒரு வார்த்தையைத் தவிர.

காய்ச்சல் என்றாய். டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே போனை வாயருகில் வைத்து, "ரெண்டு நாளைக்கு மீனு கெடையாது, ஒடம்பு சரியில்ல. திங்கக்கெழம வர்றேன்" என்று பேசி அனுப்பினாய். கட்டிலோரம் நின்றிருந்த உன் அம்மா அப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்தது. நீ வரவில்லையே. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று நம் குப்பத்தில் ஒரு போட்டும் கடலில் இறங்கவில்லை. கேலி பேசிய பையன்கள்தான் தோள் கொடுத்தார்கள்.

சரி, போனை எடுத்துவிட்டேன். குரூப்பில் 'திங்கக்கெழம வர்றேன்' என்கிற உன் குரலுக்குக் கீழே, இன்று வந்த புதுசு. அழுத்திக் கேட்டேன்.

முதலில் கடல் இரைச்சல். அப்புறம், பழக்கமில்லாமல் உன் போனை வைத்துக்கொண்டு கத்துகிற குரல். உன் அம்மா.

"நான் அவ அம்மா பேசுறேன். சங்கரா இருக்குது, நல்லாருக்குது. நெத்திலி இருக்குது. மத்தி வாணாம், நேத்து மீனு. எங்கூடையிலதான் இருக்குது. எம்பொண்ணு இருந்தா அப்டித்தான் சொல்லும். அது சொன்னது சரிதான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, வேணும்னா கரைக்கு வந்து வாங்கிக்குங்க."

கேட்டாயாடி? சொல்லிவிட்டாள். நீ இல்லாத கரையில் நின்று, ஊர் மொத்தமும் கேட்கச் சொல்லிவிட்டாள். உன் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

ஓட்டலுக்கு இன்று லீவு சொல்லிவிட்டேன். உன் வீட்டு ஆணியில் ஸ்கூட்டர் சாவி தொங்குகிறது. எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீதானே. கரைக்குப் போகிறேன். உன் அம்மா பின்னால் உட்காரட்டும், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளட்டும். மதாம் கதவை முதலில் தட்டுகிறோம்.