எஸ்தரம்மா கைப்பக்குவம்

4.11.14 செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. வடக்குப்பட்டு ரோடு லாரி போய்ப் போய் ஒரே சேறு. துணி காயவில்லை. வெந்தயம் தீர்ந்தது. கேஸ் புக் பண்ணணும்.

மத்தியானம் கிரேஸ் வந்தாள். என் ஓர்ப்படி எஸ்தரக்காவின் மகள், கல்யாணமாகி வெளியூரில் இருப்பவள். அக்கா போய்ச் சேர்ந்து சனிக்கிழமையோடு முப்பது நாள்.

“சித்தி, சபையில ஜெபக் கூட்டம் வெச்சிகீறோம். நீங்களும் ரெண்டு வார்த்த பேசணும்.”

“நான் இன்னாடி பேசறது? நாலாங்கிளாஸ். உங்க பைபிளும் தெரியாது.”

“சிரிக்க சிரிக்கப் பேசுவீங்களே, அது போதும்.”

அவள் போன பிறகு இந்த நோட்டை எடுத்தேன். வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி. ஜனவரி முதல் சும்மா கிடந்தது. பேசுவதை எழுதிப் பார்க்கலாம் என்று. மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். வயிற்றெரிச்சல் தன்னால் வந்து உட்காருகிறது.

6.11.14 வியாழன்

மழை விட்டது. கொசு.

எஸ்தரக்கா செய்தது:

கம்பெனி வேலைக்குப் புதிதாக வரும் தெக்கத்திப் பெண்களுக்கு ரூம் பார்த்துக் கொடுத்தாள். எந்த சாதி என்று கேட்ட வீட்டு ஓனரிடம் சண்டை.

ஷிப்டில் மயங்கி விழுந்த பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் நாலு நாள். தன் வீட்டில் உலை வைக்கவில்லை. (கிரேஸ் அப்பாவுக்கு நான்தான் சோறு கொண்டுபோனேன். அது யாருக்கு ஞாபகம்?)

தெரு விளக்குக்கு மனு. ஏழு முறை.

யார் செத்தாலும் குளிப்பாட்டப் போவாள். இந்து, கிறிஸ்தவன் பார்க்க மாட்டாள்.

எல்லாம் நிஜம். நல்லவள்தான். அதுதான் கடுப்பு. கெட்டவள் மேல் பொறாமைப்பட்டால் நியாயமாவது இருக்கும்.

அடக்கத்தன்று ரெண்டு கம்பெனி பஸ் கல்லறை கேட் ஓரம் நின்றது. பெண்பிள்ளைகள் யூனிபாரத்தோடு இறங்கி வந்து அழுதார்கள். எனக்கு யார் நிறுத்துவார்கள்? கை காட்டினால் ஷேர் ஆட்டோவே நிற்பதில்லை. எங்கள் வீட்டுக்காரர் தன் அம்மா செத்தபோது அழாத மனுஷன், “அண்ணி, அண்ணி” என்று சுவரில் முட்டிக்கொண்டார். நான் போனால் முதலில் டிவி ரிமோட்டைத் தேடுவார்.

சரி. அதெல்லாம் அவள் செய்தது, அவள் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்று மட்டும் அவளுடையது இல்லை. சோறு.

எழுதிவிடுகிறேன். சபைக்காரப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசி தனியாக எடுத்து வைப்பார்கள். ஊழியத்துக்கு. சனிக்கிழமை எஸ்தரக்கா பையோடு வீடு வீடாகப் போய் வாங்கி வருவாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, முதல் சம்பளம் வராத பெண்களுக்குச் சபை ஷெட்டில் சாப்பாடு. ஊரெல்லாம் அதற்குப் பேர் எஸ்தரம்மா சோறு.

எஸ்தரம்மாவுக்கு சுடுதண்ணி வைத்தாலே அடிப்பிடிக்கும்.

கைப்பிடி அரிசி கதம்ப அரிசி. ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி. முதல் வாரம் எல்லாவற்றையும் ஒன்றாக உலையில் கொட்டிவிட்டாள். பாதி களி, பாதி கல். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “யக்கா, இத்த செவுத்துக்குப் பூசலாம்” என்றேன். அவள் கண் கலங்கியதும் கரண்டியைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து எட்டு வருஷம். சனிக்கிழமை சல்லடையில் சலித்து மோட்டா வேறு, சன்னம் வேறு. ரெண்டு அண்டா. வடித்த பிறகு கலக்கணும். முருங்கைக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு, கடைசியில் வறுத்த வெந்தயப் பொடி. என் பின்கட்டில் ஆக்கி, அவள் ஆட்டோவில் ஏற்றிப் போவாள்.

பேர் சொல்ல வேண்டாம் என்றதும் நான்தான். “ஆடி மாசம் கூழ் ஊத்தற வூட்டுல ஆக்கினதுன்னு தெரிஞ்சா உங்காளுங்க கை வெக்க மாட்டாங்க. சோறு வீணாப்பூடும்.”

அவள் யோசித்தாள். “நானா சொல்ல மாட்டேன் மங்கா. ஆனா பொய்யும் சொல்ல மாட்டேன். யாராவது கேட்டா சொல்லிடுவேன்.”

எட்டு வருஷத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை சொல்லப் போகிறேன். முடிவு.

8.11.14 சனி

நீலச் சேலை. பூ வைக்கலாமா என்று யோசித்து வைத்துக்கொண்டேன். ஷெட் நிறைய ஆள். நாற்காலி போதவில்லை.

கிரேஸ் முதலில் பேசினாள். “எங்கம்மாக்கு சமைக்கவே வராது. நாங்க சின்னதுல தின்னது எங்களுக்குத்தான் தெரியும். ஆனா ஊழியத்துக்குன்னு கரண்டி எடுத்தா மட்டும் அப்பிடி ஒரு ருசி! அது ஆண்டவர் அவங்க கையில வெச்ச கிருபை.”

எல்லாரும் அல்லேலூயா.

மகளிடம்கூட அக்கா சொல்லவில்லை! என் பேர் ஓர்ப்படிக்குப் போனது போதாதென்று இப்போது ஆண்டவருக்கும் போய்விட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள். “அந்தக் கிருபை வேற யாரும் இல்ல, நான்தான். எட்டு வருசமா நான்தான் ஆக்கினேன்” என்றேன்.

ஷெட்டே அதிரச் சிரிப்பு. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “துக்கத்துலயும் நம்மள சிரிக்க வைக்கிறாங்க பாருங்க மங்காம்மா” என்றார். எதையும் கேலியாகவே சொல்லி வளர்ந்த வாய். உண்மைக்கு உதவவில்லை.

சத்தியம் பண்ணலாம் என்று மறுபடி வாய் திறந்தேன். கிரேஸைப் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முப்பது நாளில் இன்றைக்குத்தான் அவள் பல் தெரிந்தது.

மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வழியில் வீட்டுக்காரரிடம் சண்டை. “உனக்குத் தெரியுமில்ல? எழுந்து சொல்றதுக்கு இன்னா?”

“நீதான சொல்லாதேன்ன.”

9.11.14 ஞாயிறு

ஒரு மாதமாகப் பெண்களுக்கு பன்னும் வாழைப்பழமும்தான். இன்றைக்குப் போதகர் மனைவி ஆக்கினாராம். சேர்ந்திருந்த அரிசியை ஒன்றாகக் கொட்டி. பாதி களி, பாதி கல்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பாவம் என்றும் இருந்தது. சிரிப்புதான் அதிகம்.

14.11.14 வெள்ளி

போதகர் மனைவி வாசலில். கையில் அரிசி மூட்டை. செருப்பெல்லாம் சேறு.

“மங்காம்மா, எஸ்தரம்மா எப்பிடி ஆக்குவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பக்கத்து வூட்டு ஓர்ப்படி. தெரியாம போவுமா?”

“நாளன்னைக்கு நீங்க ஆக்கித் தர்றீங்களா? பசங்க பாவம்.”

உள்ளே அம்மன் படத்தில் விளக்கு எரிகிறது. அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். “கூழ் ஊத்தற வூடு இது. உங்களுக்குப் பரவால்லியா?”

மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். “ஜெபம் பண்ணித்தான சாப்புடுறோம்” என்றாள்.

இவ்வளவுதானா! இதற்கா எட்டு வருஷம் வாயைக் கட்டினேன்?

15.11.14 சனி

சலித்தேன். மோட்டா 6 படி, சன்னம் 4. கருவாடு, முருங்கைக்காய், வெந்தயம் வாங்கியாச்சு. சல்லடையின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் இல்லை. அவள் பிடிப்பாள். பிடிக்கும்போது பாட்டு வேறு, ராகமே இருக்காது. மடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஆட்டினேன். நேரம் ரெட்டிப்பு.

16.11.14 ஞாயிறு

நானே ஆட்டோவில் போனேன். நானே பரிமாறினேன். நாற்பது பேர் இருக்கும். பேச்சியம்மா என்று ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கம், புதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தவள். மெலிசு. ஒரு வாய் வைத்ததும் அப்படியே நிறுத்திவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

“யக்கா, இது எஸ்தரம்மா கைப்பக்குவம்லா! நான் வந்த புதுசுல தின்னது அப்படியே இருக்கு. அவங்ககிட்டதான் படிச்சீயளா?”

பந்தி முழுக்க என்னைப் பார்க்கிறது. ஒருவழியாக ஒருத்தி கேட்டுவிட்டாள்.

பொய் சொல்ல மாட்டேன் என்றது எஸ்தரக்காதான். நான் அப்படி ஒன்றும் சத்தியம் பண்ணவில்லை.

“ஆமாடி, அவகிட்டதான்” என்றேன். இன்னொரு கரண்டி ஊற்றினேன்.