மூன்றாவது டிஸ்க்கில் சாகிறவள்

ரக்கிரக்கி
11 ஜூன் 2000

அன்புள்ள அண்ணா,

சிட்னியிலிருந்து நீ அனுப்பிய விண்வெளி விளையாட்டு வந்தது. மூன்று டிஸ்க்கையும் முடித்துவிட்டேன். முடித்த கோபத்தில் கீபோர்டைச் சுவரில் அடித்தேன். இரண்டு பொத்தான்களைக் காணோம்.

வேராவை ஏன் கொன்றார்கள்? கப்பலின் இயந்திரம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வேற்றுக் கிரகத்துக்கு வழி கண்டுபிடித்தவர்களிடம் ரத்த வியாதிக்கு மருந்து இல்லையாம். அழகாக இருமுகிறாள். கைக்குட்டையில் ஒரே ஒரு சொட்டு. கேப்டன் அழுகிறான். வீரனாகிறான். திரும்பத் திரும்ப ஆடினேன். எந்தக் கதவைத் திறந்தாலும் சாகிறாள். அவள் செத்தால்தான் கப்பல் கிளம்புகிறது.

என் இதய வால்வு கெட்டது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது. இதுவரை ஒரு தடவையும் நான் அழகாக இருமியதில்லை. மாதாமாதம் பென்சிலின் ஊசி. அப்புறம் இரண்டு நாள் உட்கார முடியாது. அதை எந்த விளையாட்டிலும் காட்ட மாட்டார்கள்.

ஆட்சியைக் கவிழ்த்ததிலிருந்து பஸ் சரியாக வருவதில்லை. தலைநகர் சுவாவில் நம் இந்தியர் கடைகளைக் கும்பலாக வந்து எரித்தார்கள். இப்போது கரும்புத் தோட்டங்களுக்கும் வருகிறார்களாம். அம்மா, அப்பா, என்னை, மூவரையும் சீக்கிரம் அங்கே கூப்பிடு.

உன் தங்கை
ப்ரீதிகா


சிட்னி
25 ஜூன் 2000

தங்கச்சி,

நீ தனி ஆள் இல்லை. இணையத்தில் எங்கள் ரசிகர் கூட்டம் கொதிக்கிறது. ஒருவன் டிஸ்க்கை அடுப்பில் வைத்து உருக்கிப் படம் போட்டிருக்கிறான். வேராவைப் பிழைக்க வையுங்கள் என்று கையெழுத்து வாங்கி அனுப்பினோம். கம்பெனி எழுதிய பதில்: ‘அவள் சாகாவிட்டால் கேப்டன் போராடக் காரணம் இல்லை.’ படித்துவிட்டு ஜன்னலைக் குத்தினேன். கையில் தையல். சிரிக்காதே.

விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் யாருக்கும் விசா இல்லையாம். டாக்டரிடம் அதிகம் பேசாதே.

அண்ணன்
ஷாலேஷ்


ரக்கிரக்கி
23 ஜூலை 2000

அண்ணா,

வந்தார்கள். பட்டப்பகலில். ஒரு லாரி நிறைய.

மாட்டைக் கொட்டகையிலேயே வெட்டினார்கள். ஒரே வெட்டில் அது சாகவில்லை. அப்பா ஓடினார். ‘மாடு போனா போவுது, நீ உள்ள வாய்யா!’ என்று அம்மா கத்தினாள். இரும்புக் குழாயால் அவர் கையை அடித்தார்கள். எலும்பு முறிந்தது எங்களுக்குக் கேட்டது. விழுந்த அவர் மூக்குக்கண்ணாடியை ஒருவன் மிதித்தான்.

நான் மயங்கவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள். மயங்கவில்லை. கரும்புக் கத்தியை எடுத்தேன். ஒருவன் தோளில் இறக்கினேன். ஆழமாகப் போகவில்லை. வருத்தம் இல்லை.

அவன் என்மேல் பாய்ந்தபோது பக்கத்துப் பூர்வகுடிக் கிராமத்து மெரே ஓடிவந்து நடுவில் நின்றாள். அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் அவளுடைய சொந்தத் தம்பி. அதற்கப்புறம்தான் போனார்கள். கம்ப்யூட்டரையும் கொண்டுபோனார்கள்.

மருத்துவ முடிவு வந்துவிட்டது. அம்மா தேறினாள். அப்பா தேறினார். நான் இல்லை. ஆகவே மூவருக்கும் விசா இல்லை.

அம்மா என் தட்டில் சோற்றை அதிகமாக வைக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ப்ரீதிகா

கண்ணாடி இல்லாததால் உன் கடிதங்களை அப்பாவுக்கு நான்தான் வாசிக்கிறேன். பார்த்து எழுது.


சிட்னி
6 ஆகஸ்ட் 2000

தங்கச்சி,

இதை அப்பாவுக்கு வாசிக்காதே.

ஒரு வழி இருக்கிறது. கல்யாணமான மகள் விண்ணப்பத்தில் சேர மாட்டாள். அடுத்த தீவில், ட்ரெகேட்டியில் தேவேந்திரா என்று ஒருவர். நெல் போடுகிறார். மனைவி இறந்துவிட்டாள். நல்லவர். போனில் பேசிவிட்டேன். கோவிலில் மாலை மாற்றிப் பதிவு செய்தால் போதும். அம்மாவும் அப்பாவும் உயிரோடு வந்து சேரட்டும். உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

உன்னை நினைத்தாலே அழுகை வருகிறது. இதை நீ செய்தால் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அண்ணன்
ஷாலேஷ்


லௌத்தோக்கா
19 நவம்பர் 2000

ஷாலேஷ்,

நான் ஊரில் இருந்தபோதே தேவேந்திரா வந்தார். தீவு விட்டுத் தீவு, படகிலும் பஸ்ஸிலும். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அம்மா டீ போட உள்ளே போனதும் மெதுவாகக் கேட்டார்.

‘நீ நல்லா நடமாடுறியே. உங்க அண்ணன் உனக்கு ஆயுசு ஒரு வருசந்தான்னு சொன்னாரே? அதுக்கப்புறம் என்னையும் சிட்னிக்குக் கூப்பிடுறேன்னாரு.’

‘டாக்டரே சொல்லாத கெடு, அவனுக்கு மட்டும் எப்பிடித் தெரிஞ்சுதாம்?’

‘எனக்கென்னம்மா தெரியும். கடைசி நாள்ல உன்கூட ஒரு ஆள் இருந்தா நிம்மதியா போவும்னு நெனச்சேன்.’

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். நல்லவர்தான். அதில் மட்டும் நீ பொய் சொல்லவில்லை.

வேராவுக்காக ஜன்னலைக் குத்தியவன் நீ. எனக்கு ஒரு வருஷம் குறித்துக் கொடுத்தவனும் நீ.

அம்மாவும் அப்பாவும் வருவார்கள். நான் இங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தனியாக அறை எடுத்தேன். பெற்றோரை நம்பி இல்லை என்று விசா அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். கல்யாணம் தேவைப்படவில்லை. நீ விசாரித்திருந்தால் உனக்கும் சொல்லியிருப்பார்கள்.

நான் வேலையில் சேர்ந்தபோதும் நம் தோட்டத்துக் கரும்பு வெட்டாமல் நின்றுகொண்டிருந்தது. வெட்டுகிற ஆட்கள் பயந்துபோய் வரவில்லை. எரிந்த கரும்பு சீக்கிரம் கெட்டுவிடும், ஆலை அதைத்தான் முதலில் எடுக்கும். போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நானே தீ வைத்தேன். மறுமுனையில் மெரே வைத்தாள். வெட்டுவதற்கு அவளே தன் ஊர்ப் பெண்களைக் கூட்டிவந்தாள். மூன்றாம் நாள் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் காசு என் வால்வுக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து அறுவை செய்கிற டாக்டர்கள் இந்த வருஷம் வரவில்லை. அடுத்த வருஷம் வரலாம். வராவிட்டால் நான் தேடிப் போவேன்.

அம்மாவிடம் என்னைப் பற்றி இறந்தவளைப் போலப் பேசாதே. எனக்குப் பதில் எழுதாதே.

தீ வைத்த அன்றைக்குக் காற்று திடீரென்று திரும்பியது. நெருப்பு என் பக்கம் வந்தது. ஓடினேன். பாதியில் மூச்சு முட்டி நின்றேன். முதுகு சுட்டது. மறுபடியும் ஓடினேன்.

ப்ரீதிகா