தொடாதே பட்டியல்

மார்ச் 4, செவ்வாய்

என் நிரல் நூலகத்தைப் பயன்படுத்தும் ஒருவன் இன்று எழுதியிருக்கிறான்: "ஓடலை. சரி பண்ணுங்க." ஒரு வணக்கம்கூட இல்லை. பெண் கொடுத்த மாமனாரைக்கூட இப்படி அதட்ட மாட்டார்கள்! மின்தேவை ஏறும்போது மின் நிறுவனம் அனுப்பும் 'மின்சாரத்தைக் குறை' என்ற செய்தியை, வீட்டுச் சுவரில் மாட்டும் மின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குப் புரியவைக்கும் நிரல் தொகுப்பு அது; பெட்டி செய்கிற யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆறு வருஷ உழைப்பு. இலவசமாகக் கொடுத்தால் இதுதான் மரியாதை.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் மூன்று மணிக்கு அக்காவின் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிட்டது. மின்வெட்டு இல்லை. 'குறை' என்று செய்தி வந்ததும் சுவரில் இருக்கும் பெட்டி ஏ.சி.யோடு மெஷின் லைனையும் அணைத்திருக்கிறது. அத்தான் ஓடிப்போய் சிலிண்டரை மாட்டியிருக்கிறார். அதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டதாம்.

அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னதே நான்தான். "உள்ள என் நூலகம்தான் இருக்கு, பயப்படாதே" என்று பீற்றிக்கொண்டேன். எதை அணைக்கவே கூடாது என்று பெட்டிக்குச் சொல்லும் 'தொடாதே பட்டியலில்' மெஷினைச் சேர்த்ததும் நானே. சேர்த்தும் அணைத்திருக்கிறது! பெட்டி செய்த பாவிகளைச் சும்மா விடமாட்டேன்.

மார்ச் 12

பெட்டி நிறுவனத்தில் நாலு பேரிடம் மாற்றி மாற்றித் தள்ளிவிட்டார்கள்; கடைசியில் ஒரு பொறியாளர் பேசினாள். கிழி கிழியென்று கிழித்தேன். "மனுஷ உயிர் உங்களுக்கு விளையாட்டாப் போச்சா?"

"சார், எப்படிப் பயன்படுத்தணும்னு காட்ட உங்க நூலகத்தோட நீங்க குடுத்த உதாரண நிரலைத்தான் அப்படியே போட்டிருக்கோம். அனுப்புறேன், நீங்களே பாருங்க."

என் தலையிலேயே கட்டப் பார்க்கிறாயா? அனுப்பு, பார்க்கிறேன்.

மார்ச் 13

நாற்பத்தோராவது வரி. தொடாதே பட்டியலைப் படிக்கவேண்டிய இடத்தில் ஒரு காலிப் பட்டியல். பக்கத்தில் குறிப்பு: 'அப்புறம் பாத்துக்கலாம்.'

நான் எழுதியதுதான். வீட்டில் எதைச் சொன்னாலும் நான் சொல்லும் பதில். அக்கா என்னைக் கூப்பிடுவதே "டேய் அப்புறம்" என்றுதான்.

படிக்காமல் காப்பியடித்தவர்கள் முட்டாள்கள், சரி. முதல் முட்டாள் யார்? சீ! ஆறு வருஷமாக அந்த வரியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே நான்.

மார்ச் 14

அக்காவிடம் சொல்லிவிட்டேன். "பெட்டியைக் கழட்டியாச்சு" என்றாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 20

உதாரண நிரலைத் திருத்திவிட்டேன். பட்டியலைப் படிக்காவிட்டால் நூலகம் இனி ஓடவே ஓடாது. நூலகத்தைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பினேன்; பதினேழு பேர் எரிந்து விழுந்து பதில் போட்டிருக்கிறார்கள். விழட்டும். அந்தப் பொறியாளரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். ஒரு தடவைகூடச் சோதிக்காமல் விற்ற அவள் முதலாளியிடம் கேட்கமாட்டேன்.

மாலை அக்காவின் போன்: "என்னை மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல இருக்காங்களோ. திருத்தின பெட்டியை முதல்ல இங்க மாட்டி ஓட்டிப் பாரு. ஆனா நீ என் பக்கத்துல உக்காந்திருக்கணும்."

மார்ச் 25, செவ்வாய்

மூன்று மணி. நான் கட்டில் ஓரத்தில். அத்தான் சிலிண்டரோடு தயாராக நின்றார். செய்தி வந்தது. ஏ.சி. நின்றது. மெஷின் நிற்கவில்லை. ஏ.சி. நின்றிருந்த அரைமணி நேரமும் மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"டேய் அப்புறம், புழுங்குதுடா. அந்த ஜன்னலைத் திற."

உடனே எழுந்து திறந்தேன்.