முப்பத்தோராம் பக்கத்துல ஒரு வரி

அன்புள்ள என் வாலு,

இங்க எல்லாரும் சுகம்னு எழுத மனசு வரல, ஆனா நிக்கிறேன், நடக்குறேன், டியூட்டி பாக்குறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குறியா? ஃபோனை எடுக்க மாட்டேங்குறே, அதான் எழுதி போட்டோ பிடிச்சு அனுப்புறேன். அப்பாவுக்கு வலி குறைஞ்சிருக்கு, திங்கட்கிழமை ஆபரேஷன் உறுதி. என் பொண்ணு செஞ்ச மெஷின்தான் எனக்கு மருந்து ஏத்தப் போகுதுன்னு நான் நர்ஸா இருக்குற இந்த வார்டு முழுக்கப் பீத்திக்கிட்டுக் கிடக்கிறார்.

மருந்து ஏத்துற பழைய மெஷின் திடீர் திடீர்னு நின்னு நாங்க பட்ட பாட்டைப் பாத்துத்தானே, உள்ளே இருக்குற ஆபரேட்டிங் சிஸ்டத்தையே அடியிலேருந்து புது கம்ப்யூட்டர் மொழியில எழுதுறேன், ஒவ்வொரு வரியும் சரின்னு கணக்கு மாதிரி நிரூபிச்சுக் காட்டுறேன்னு கிளம்பினே. அப்படி நிரூபிச்சு நீ அனுப்பின நாப்பது பக்கத்தையும் கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் படிச்சேன், பாதி புரியல, அது வேற விஷயம். முப்பத்தோராம் பக்கத்துல, ஓடுற மெஷின்லேருந்து யாரும் பேட்டரியைக் கழட்ட மாட்டாங்கன்னு வெச்சுக்கிட்டுத்தான் நிரூபிச்சிருக்கோம்னு ஒரு வரி. அடிப்பாவி, அதைத்தானேடி நாங்க தினமும் பண்றோம்! ஒன்பது மெஷினுக்கு உருப்படியான பேட்டரி அஞ்சு. ஸ்கேனுக்கு ஆளைத் தள்ளிக்கிட்டுப் போறப்போ பாதி வழியில சார்ஜ் தீந்த பேட்டரியை உருவிட்டு வேற ஒண்ணைச் சொருகுவோம், மூணு விநாடி வேலை, பழைய மெஷின் அதுக்குத் தாங்கும். நேத்து இங்க வந்து இறங்கின உன் மெஷின்ல வெறும் தண்ணிப் பையை மாட்டி அதையே செஞ்சு பாத்தேன். திரை பழையபடி வந்துச்சு, மணிக்கு அஞ்சு மில்லி ஓடுதுன்னு பச்சையில காட்டுது, கீழே ஒரு சொட்டு விழல. அலாரமும் இல்ல. நாலு நிமிஷம் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன், அப்பவும் அதே பச்சைதான். ஓடிப்போய் டாக்டர்கிட்ட சொன்னா, நிரூபிச்சு வந்த மெஷின் சிஸ்டர், நீங்கதான் சரியா மாட்டியிருக்க மாட்டீங்கன்னு சிரிக்கிறார். தலைமை நர்ஸ்னு பேருதான்.

உன் கணக்கு தப்புன்னு நான் சொல்லலம்மா. எங்களை ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டே. நானும் சொல்லல, பேட்டரி மாத்துறதெல்லாம் ஒரு விஷயமாவே எனக்குத் தோணினதில்ல. மெஷினை ஆளுங்களுக்கு மாட்டலாம்னு வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டே ஆகணும்னு உன் மேலதிகாரி நெருக்குறாராமே, போடாதேடி. அந்த வரியை எடுத்துட்டு மறுபடி நிரூபி, எத்தனை மாசம் ஆனாலும் ஆகட்டும், வேலையே போனாலும் போகட்டும், ஒரு வாய் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கு.

மெஷினைப் பீரோவுல பூட்டிட்டேன், சாவி என்கிட்ட. நீ கையெழுத்துப் போட்டுட்டா சாவியை நான் கொடுத்துத்தான் ஆகணும், அது போற முதல் கட்டில் அப்பாவோடது. அவர்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்குக் காலையிலகூட, என் பொண்ணு மெஷின் வந்தாச்சான்னு கேட்டார்.

எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு, நல்லா இரு. ஃபோனை எடு.

இப்படிக்கு,
சாவியோட உக்காந்திருக்குற
உன் அம்மா