அண்ணி வைத்த ஐந்து பட்டன்கள்

என் உயிருக்கு உயிரான அண்ணே,

உங்கள் கார் ரேடியோவில் டயல் பல்பு இப்போது எரிகிறது. போன புதன்கிழமைதான் மாட்டினேன். நீங்கள் கேட்டு நான்கு வருடமாகிறது, நீங்கள் போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கி, லூர்து அண்ணியை அந்த ஊர் மண்ணிலேயே விட்டுவிட்டு, காரோடு கப்பலில் வந்து இறங்கினீர்கள். ரேடியோ காருடன் கம்பெனியிலேயே பொருத்தி வந்தது. அதில் ஐந்து பட்டன்கள். முள்ளை ஒரு ஸ்டேஷனில் நிறுத்தி, பட்டனை வெளியே இழுத்து உள்ளே அழுத்தினால் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு எப்போது அழுத்தினாலும் முள் அங்கேயே போய் நிற்கும். ஐந்தும் அந்த நாட்டில் லாங் வேவ் அலைவரிசையில் வரும் ஸ்டேஷன்கள். புதுச்சேரியில் எது கேட்கும்? உஸ்ஸென்று இரைச்சல்தான்.

சாயங்காலமானால் குருசுக்குப்பம் கடலோரத்தில் காரை நிறுத்தி, அந்த இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பீர்கள். சாரம் பகுதியில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? என் அண்ணன் காரிலேயே இரைச்சலா என்று கை அரித்தது.

ஒருநாள் நீங்களே கடைக்கு வந்தீர்கள். "தம்பி, டயல் லைட்டு எரியல. பல்பு மாத்திக் குடு" என்றீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி, "பல்பு மட்டுந்தான்டா" என்றீர்கள். காதில் விழுந்தது அண்ணே. மண்டையில் ஏறவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்தேன். டாஷ்போர்டிலிருந்து செட்டைக் கழற்றி, லாங் வேவ் காயில் இந்த ஊருக்கு எதற்கு என்று பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஷார்ட் வேவ் காயிலை வைத்தேன். இனி பிரான்சுச் செய்தியும் கேட்கும், இலங்கைப் பாட்டும் கேட்கும். ஐந்து பட்டன்களையும் இழுத்து இழுத்து, கேட்கிற ஸ்டேஷன்களாகப் பார்த்து அழுத்தினேன். என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டதில் பல்பு மறந்தே போனது.

நீங்கள் வந்து முதல் பட்டனை அழுத்தினீர்கள். கணீரென்று உழவர்களுக்கான நிகழ்ச்சி வந்தது. இரண்டாவதை அழுத்தினீர்கள், மூன்றாவதை, அப்படியே ஐந்தையும். பிறகு அணைத்துவிட்டு, "நல்லா கேக்குது தம்பி. மெர்சி" என்று நன்றி சொன்னீர்கள். அதற்கப்புறம் கடலோரத்தில் நீங்கள் ரேடியோ போட்டு நான் பார்க்கவில்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று பயப்படுகிறீர்கள் என நினைத்துக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிரான்சிலிருந்து உங்கள் மகள் தெரேஸ் வந்தாள். கோயிலிலிருந்து வந்ததும் காரில் ஏறி, முதல் பட்டனை அழுத்தினாள். சினிமாப் பாட்டு வந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, அம்மா பட்டன் எங்க?"

"என்ன பட்டன்மா?"

"அஞ்சும் அம்மா வெச்சது. பப்பாவைக்கூடத் தொட விடமாட்டாங்க. 'இங்க ஒண்ணும் கேக்கல, ஆனா அமுக்கினா முள்ளு உங்கம்மா வெச்ச எடத்துக்கே போய் நிக்குது'ன்னு பப்பா எனக்கு எழுதுவாரு."

"அப்புறம் என்ன எழுதினாரு?" என்று கேட்டேன்.

"நீங்க ரிப்பேர் பண்ணீங்க, நல்லா பேசுதுன்னு எழுதினாரு. அதோட சரி. ரேடியோவப் பத்தி அப்புறம் எழுதவே இல்ல."

கடலோரத்தில் இருட்டத் தொடங்கினால் முள் தெரியாது. அதற்குத்தானா அண்ணே பல்பு கேட்டீர்கள்? என்னைக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருக்கக் கூடாதா? தம்பி மனம் நோகும் என்று மென்று விழுங்கிவிட்டீர்களா?

பழைய காயில் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது. எங்கள் தொழிலில் எதையும் தூக்கிப் போடமாட்டோம், அந்த ஒரு புத்திதான் காப்பாற்றியது. திரும்பப் பொருத்தினேன். பல்பும் மாட்டினேன். வெளிச்சத்தில் டயல் கண்ணாடியில் ஒரு கீறல் தெரிந்தது. அன்று செட்டைக் கழற்றியபோதே அந்தக் கண்ணாடியை மாற்றத் துடித்தேன், புதுசு கிடைக்காததால் விட்டேன்.

தெரேஸ் அதைத் தடவிப் பார்த்தாள். "சின்ன வயசுல நான் ஹேர்பின்னால கீறினது. அம்மாகிட்ட அடி வாங்கினேன். மொத பட்டன அமுக்கினா முள்ளு இதுக்கு நேரா நிக்கும்."

முள்ளை அவளே திருப்பி, பட்டனை அவளே இழுத்து அழுத்தினாள். நான் கை வைக்கவில்லை. உஸ்ஸென்று இரைச்சல் வந்தது. அவள் டாஷ்போர்டில் தலை சாய்த்து அழுதாள். நானும் அழுதேன்.

மற்ற நான்கும் போனது போனதுதான் அண்ணே. அவை எங்கே நின்றன என்று சொல்ல அண்ணியும் இல்லை, நீங்களும் இல்லை.

காரை தெரேஸ் என்னிடம் விட்டுப் போயிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாயங்காலம் அதைக் கடலோரத்துக்குக் கொண்டுபோய் முதல் பட்டனை அழுத்துவேன். முள் அண்ணி வைத்த இடத்தில் போய் நிற்பதை உங்களுக்காகப் பார்ப்பேன். ரேடியோ கெட்டுவிட்டதா என்று யார் கேட்டாலும் நல்லா கேக்குது என்பேன். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கமாட்டேன். இது சத்தியம்.

கேட்டதைச் செய்யாமல் கேட்காததைச் செய்த,
உங்கள் தம்பி
சவரிமுத்து