சேவியரின் வலது முழங்கால்

1979, ஜனவரி 9, செவ்வாய்

வாடைக்காற்று. எதிர்க்கரை தெரியாத பனி. நேற்றுத் துவைத்த திரைகள் இன்னும் ஈரம்.

மகன் சேவியர் சொல்லாமல் கொள்ளாமல் தோணியில் வந்து இறங்கினான். மில் டீமில் லீவு கொடுத்தார்களாம். நம்பவில்லை. பேன்ட்டை மடிக்கச் சொன்னேன். வலது முழங்கால் பனங்காய் போல.

"எப்ப?"

"பிராக்டீஸ்லம்மா. எகிறி அடிச்சிட்டு எறங்கறப்போ."

"டாக்டர் பாத்தாரா?"

"மில் டாக்டரா? சாயங்காலமே சேதி கோச்சுக்குப் போயிடும்."

இருபதாம் தேதி செலக்‌ஷன் மேட்ச். அதில் ஆடினால் வேலை நிரந்தரம். வாலிபாலுக்காகக் கொடுத்த வேலை. இத்தனை வருடமாக டெம்பரரி. அவன் இடத்துக்கு இளசுகள் காத்திருக்கிறார்கள்.

வாங்க: விளக்கெண்ணெய், மஞ்சள், கிரேப் பேண்டேஜ் (பழவேற்காட்டில் கூடாது, வாய்கள் அதிகம். பொன்னேரியில்).

ஜன. 11, வியாழன்

வீக்கம் அப்படியே. பால் திரிந்துவிட்டது.

ஊர்த் தலைவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். காணும் பொங்கலன்று லைட்ஹவுஸ் குப்பத்தோடு மேட்ச்.

"டீச்சரம்மா, சேவியரு நம்ம பக்கம் ஆடணும். மெட்ராஸ் பிளேயரு ஊர்ல கீறப்போ தோத்தா அசிங்கம்."

"அவனுக்கு ரெஸ்ட் வேணும்."

"ஒரு ஆட்டத்துக்கா? ஊரு கூப்ட்டா ஊட்டுக்கு ஒரு ஆம்பள வரணும். வராத ஊட்டுக்குப் பாட்டுல மொறை கெடையாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறைவரிசை. அதில் பெயர் இருந்தால்தான் வலை கட்ட நாள் வரும். என் கணவர் போன பிறகு அந்தப் பங்கு மகன் சே. பெயரில், ஆள் வைத்துக் கட்டுகிறோம். மில் கைவிட்டால் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

ஆடினால் கால் போகும். ஆடாவிட்டால் ஏரி போகும். காரணத்தைச் சொன்னால் மில் போகும்.

சே. ஆடுகிறானாம். "மணல்தானேம்மா, மெத்துனு இருக்கும்." முட்டாள். எகிறும்போது மணல் காலை விடாது.

ஜன. 12, வெள்ளி

ஊர்க்கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை. போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை.

சொன்னது: "என் பிள்ளை சம்பளத்துக்கு ஆடறவன். கோவணத்தோட மணல்ல புரள்றவங்களோட ஆட மாட்டான். நான்தான் வேணாம்னேன்."

உடனே நம்பினார்கள். ஒருவர் கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

பின்னாலிருந்து யாரோ: "கான்வென்ட்டு கெளவி, மீனக்கூட இங்கிலீஷ்லதான் துன்னும்." சிரிப்பு. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "சரிம்மா. பாட்டப் பத்தி பொங்கல் கழிச்சிப் பேசிக்கலாம்."

சே. கத்தினான். "ஊர்ல நான் எப்டிம்மா மூஞ்சிய காட்டுவேன்?"

மூஞ்சியைத் தாராளமாகக் காட்டு, காலைக் காட்டாதே என்றேன்.

ஜன. 16, காணும் பொங்கல்

மீன்காரி நம் வாசலில் நிற்காமல் போனாள். குழாயடியில் குடங்கள் நகர்ந்து எனக்கு மட்டும் தாராளமாக இடம்.

மேட்ச் சத்தம் வீடு வரை. கட்டிலில் படுத்தபடியே சே. சொல்லிக்கொண்டு வந்தான்: "லிஃப்ட் கம்மி... வெளிய போச்சு." கை மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது. பார்க்க முடியவில்லை, அடுக்களைக்குப் போய்விட்டேன்.

நம் ஊர் தோற்றது. வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. எது பெரிது என்று ஆண்டவர் அறிவார்.

ஜன. 18, வியாழன்

மெட்ராஸ் போனான். முழங்கால் மடங்குகிறது, ஆனால் முழுவதும் இல்லை. பேண்டேஜ், எண்ணெய், ஜெபமாலை. ஜெபமாலையைப் பெட்டியின் அடியில் தள்ளினான், கவனித்தேன்.

ஜன. 20, சனி

மேகம். காற்றே இல்லை. சாயங்காலம் மேட்ச். காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. மணி மூன்று இருக்கும், தலைவர் மனைவி கன்னியம்மா வந்தாள். முறம் நிறைய இறால்.

"புடிங்க டீச்சரம்மா. இன்னிக்கி உங்க ஊட்டுப் பாடு. ஆளுங்க உங்க வலையத்தான் கட்டனாங்க."

"பேரை அடிக்கலையா?"

"இன்னாத்துக்கு? புள்ள கொல்லப்பக்கம் நொண்டிகினு போனத எம் மருமவ பாத்துட்டா. அத மறைக்கத்தான் எங்கள அந்தத் திட்டுத் திட்டனீங்கனு பொங்கலன்னிக்கே தெரிஞ்சிபோச்சி."

கண் கலங்கியது. அவள் முன்னால் அழுததில்லை, இன்றும் அழவில்லை. "வெளியில யாருக்காவது..."

"அய்ய, ஊரே வாய தச்சிகினு கீது. மில்லு கேட்டாண்ட வாட்ச்மேனா கீறானே எந்தம்பி, அவங்கிட்டயே ஆள் வுட்டுச் சொல்லிட்டேன். சேவியரு முட்டியப் பத்தி எவன் கேட்டாலும் மூச்சு வுடாதடானு."

பெருமையாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முறம் எப்போது கையிலிருந்து சரிந்தது என்று தெரியவில்லை, புடவையெல்லாம் இறால்.

மில் டாக்டரிடம் மறைத்த சேதி மில் கேட்டுக்கே போய்விட்டது. மேட்ச் இன்னும் தொடங்கியிருக்காது.